பெரிய ஆர்டர் என்றால் எவ்வளவு ராண்ட்? அக்காவிடம் கேளுங்கள்

போன இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். கடைக்கோ அலுவலகத்துக்கோ சாஃப்ட்வேர் செய்யக் கொடுக்கும்முன் உங்கள் தொழிலின் விதிகளை நீங்களே சாதாரண மொழியில் எழுதி வையுங்கள், அதையும் புரோகிராமர் தலையில் கட்டாதீர்கள் என்பதுதான் விஷயம். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. டர்பன் பக்கத்திலிருந்துதான் அதிகம். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன், பேர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டதால் யார் பேரையும் போடவில்லை.

அக்கா, நாங்கள் மளிகையும் மசாலாவும் விற்கிறோம். அக்காள் மகன் பில்லிங் புரோகிராம் எழுதித் தருகிறான். நீங்கள் சொன்னபடி விதியை எழுதிக் கொடுத்தேன்: "தீபாவளி சமயத்தில் நம்ம பழைய வாடிக்கையாளர் பெரிய ஆர்டர் எடுத்தால் 10 சதவீதம் தள்ளுபடி." இதைவிடத் தெளிவாக என்னத்தை எழுதுவது? அவனோ இந்த ஒரு வரிக்கு ஒரு பக்கம் கேள்வி கேட்கிறான். – சாட்ஸ்வொர்த்

பையன் நல்ல பையன், விட்டுவிடாதீர்கள். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு போகிறவனிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும். ஏனென்றால் அவனும் இந்தக் கேள்விக்கெல்லாம் ஏதோ ஒரு பதில் வைத்துத்தான் கோடு (code, புரோகிராம் வரிகள்) எழுதியாக வேண்டும், அந்தப் பதில் என்ன என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது, டிசம்பரில் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

உங்கள் வரியை எடுத்துக்கொள்வோம். "தீபாவளி சமயம்" எப்போது ஆரம்பிக்கிறது? இந்தத் தென்னாப்பிரிக்காவில் தீபாவளி அரசு விடுமுறை இல்லை, எந்த சாஃப்ட்வேர் காலண்டரிலும் தானாக வந்து உட்காராது, தேதியும் வருஷா வருஷம் நகரும். போதாததற்கு இங்கே தமிழ்க் குடும்பங்களும் இந்திக் குடும்பங்களும் வேறு வேறு நாளில் கொண்டாடிய வருஷங்களும் உண்டு. ஆகவே முதல் நாள் எது, கடைசி நாள் எது என்று நீங்கள்தான் ஒவ்வொரு வருஷமும் குறித்துக் கொடுக்க வேண்டும். அப்புறம் "பழைய வாடிக்கையாளர்". உங்களுக்கு முகம் தெரியும், சரி. சனிக்கிழமை கல்லாவில் உட்காரும் புதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டருக்கு? "பெரிய ஆர்டர்" எத்தனை ராண்ட்? வாட் வரி சேர்த்தா, சேர்க்காமலா? ஒரே பில்லா, காலையில் ஒரு பில் மாலையில் ஒரு பில் என்று சேர்த்துக்கொள்ளலாமா? ஏற்கெனவே விலை குறைத்துப் போட்டிருக்கும் எண்ணெய் டின்னுக்கும் 10 சதவீதம் உண்டா? அரிசியில் உங்களுக்குக் கிடைப்பதே சொற்பம், அதிலும் குறைப்பீர்களா?

இதையெல்லாம் நீங்கள் முடிவு செய்தபிறகு விதி இப்படி இருக்கும். எண்கள் என் ஊகம், மாற்றிக்கொள்ளுங்கள்:

"தீபாவளித் தள்ளுபடி, அந்த ஆண்டுக்கு உரிமையாளர் குறித்த நாட்களில் மட்டும் உண்டு, முதல் நாளும் கடைசி நாளும் அதில் சேரும். பதிவு வாடிக்கையாளருக்கு மட்டும் உண்டு. ஒரே பில்லில், விலை குறைக்காத சாமான்களின் மொத்தம் வாட்டோடு சேர்த்து 1,000 ராண்டோ அதற்கு மேலோ இருந்தால், அந்தச் சாமான்களின் விலையில் 10 சதவீதம் குறையும். பதிவு வாடிக்கையாளர் என்றால் நம் கடையில் பேர் பதிந்து 12 மாதம் முடிந்தவர்."

இதில் ஒரு தொழில்நுட்பச் சொல் உண்டா? உங்கள் கல்லாப் பெண்ணுக்கு வாசித்துக் காட்டுங்கள், புரியும். உங்கள் பழைய வரியும் சாதாரண மொழிதான், ஆனால் அது தெரிந்தவர்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு, பாதி விஷயம் பேசுகிறவர் தலையில் இருக்கிறது. எளிய மொழி வேண்டும் என்று சொன்னால் நிறையப் பேர் கொழகொழ மொழியை எழுதிக்கொண்டு வருகிறார்கள்.

தமிழில் எழுதுகிறவர்கள் இரண்டு இடத்தில் ஜாக்கிரதையாக இருங்கள். "1,000 ராண்டுக்கு மேல்" என்று எழுதினால் சரியாக 1,000-க்கு வாங்கினவருக்கு உண்டா இல்லையா என்று தெரியாது. "31ஆம் தேதி வரை" என்றாலும் அதே தொல்லை. இன்னொன்று, "நெய்யும் முந்திரியும் வாங்கினால் தள்ளுபடி" என்ற மாதிரி வரிகள். இரண்டையும் சேர்த்து வாங்கினாலா, ஏதாவது ஒன்று வாங்கினாலே போதுமா? நீங்கள் எழுதும்போது ஒன்றை நினைத்திருப்பீர்கள், வாடிக்கையாளர் தனக்கு லாபமானதை நினைப்பார்.

விதிக்குக் கீழேயே உதாரணம் எழுதிவிடுங்கள். 999 ராண்ட் 90 சென்டுக்கு என்ன, சரியாக 1,000-க்கு என்ன, 1,400-க்கு வாங்கி அதில் 500 ராண்ட் சாமான் ஏற்கெனவே விலை குறைத்ததாக இருந்தால் என்ன. கடைசி உதாரணத்தைச் சொல்லும்போதுதான் பல முதலாளிகள் "அட, அவருக்குக் கொடுக்கலாமே" என்று விதியையே மாற்றுகிறார்கள். மாற்றட்டும். கோடு எழுதும்முன் மாற்றினால் காசு செலவில்லை.

வாட் வரி விகிதத்தை விதியில் எழுதி வைக்கலாமா? 2025-இல் நடந்த கூத்துக்கு அப்புறம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. – கணக்காளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மற்றவர்கள் இதற்குள் மறந்திருக்கலாம், நினைவுபடுத்துகிறேன். 2025 மார்ச் பட்ஜெட்டில், மே 1 முதல் வாட் 15-லிருந்து 15.5 சதவீதம் ஆகும் என்றார்கள். ஊரெல்லாம் பில்லிங் மிஷினை மாற்ற ஆரம்பித்தது. ஏப்ரல் கடைசி வாரத்தில், ஒரு வாரம்தான் பாக்கி, ஏற்றவில்லை, 15-தான் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றினவர்கள் எல்லாரும் திருப்பி மாற்றினார்கள்.

இதில் லேசாகத் தப்பித்தவர்கள் விகிதத்தைத் தேதியோடு எழுதி வைத்தவர்கள். விதியில் "வாட் 15 சதவீதம்" என்று எங்கும் வரக்கூடாது. "விற்ற நாளில் நடப்பில் இருக்கும் வாட் விகிதம்" என்று மட்டும் வர வேண்டும். விகிதம் தனிப் பட்டியலில் இருக்கட்டும்: 1991 செப்டம்பர் 30 முதல் 10, 1993 ஏப்ரல் 7 முதல் 14, 2018 ஏப்ரல் 1 முதல் 15. அடுத்த வரியை மே 1 என்று சேர்த்திருந்தால், வேண்டாம் என்றதும் அந்த ஒரு வரியை அழித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். 15 என்ற எண்ணைப் புரோகிராமுக்குள் நாற்பது இடத்தில் தெளித்து வைத்தவர்கள்தான் ராத்திரி உட்கார்ந்தார்கள்.

தேதி என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தேதி என்றும் சொல்ல வேண்டும். பழைய விகிதத்தில் விற்ற சாமான், விகிதம் மாறினபிறகு திரும்பி வந்தால், எந்த விகிதத்தில் வரி வாங்கினீர்களோ அந்த விகிதத்தில்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே ரிட்டர்னுக்குத் தனி வாக்கியம் வேண்டும்: "திரும்ப வந்த சாமானுக்கு மூல பில்லின் விகிதம்."

விகிதத்தைவிடக் கஷ்டமான இடம் எது தெரியுமா, எந்தச் சாமானுக்குப் பூஜ்ய வரி என்பது. இதை ஜாதி பிரித்து எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். "காய்கறிக்கு வரி இல்லை" என்று ஒரு விதி எழுதிவிட்டு மிளகாயைக் காய்கறியில் போட்டீர்கள் என்று வையுங்கள். பச்சை மிளகாய்க்குப் பூஜ்யம், சரி. காய்ந்த காய்கறிக்கு அந்தச் சலுகை கிடையாது, மிளகாய்த் தூளுக்கு 15. பழுப்பு ரொட்டிக்குப் பூஜ்யம், வெள்ளை ரொட்டிக்கு 15. வெள்ளை ரொட்டி செய்யும் மாவுக்கு மட்டும் 2019 ஏப்ரல் முதல் பூஜ்யம். சாதாரணப் பாலுக்குப் பூஜ்யம், வாசனையும் சர்க்கரையும் சேர்த்த பாலுக்கு 15. பழுப்பு ரொட்டியைக் குடைந்து அதற்குள் பீன்ஸ் கறி ஊற்றி பன்னி சௌ ஆக்கி விற்றால், ரொட்டி பூஜ்யம், பீன்ஸ் பூஜ்யம், ஆனால் அது சமைத்த சாப்பாடு ஆகிவிட்டது, முழுத் தொகைக்கும் 15. இதை எந்தப் புரோகிராமரும் ஊகிக்க முடியாது, கணக்காளர் நீங்கள்தான் எழுத வேண்டும். "சமைத்துக் கொடுக்கும் எதற்கும் நடப்பு விகிதம், அதில் சேர்ந்த பொருள் எதுவாக இருந்தாலும்" என்ற வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அப்புறம் பூஜ்யப் பட்டியல். அப்புறம் "பட்டியலில் இல்லாத எதற்கும் நடப்பு விகிதம்." இந்த வரிசை மாறினால் பன்னி சௌவுக்கு வரி இல்லாமல் போய்விடும்!

கேஷ் வாங்கும்போது சில்லறை எப்படி? – டோங்காட்

5 சென்ட் நாணயம் அடிப்பதை 2012-இல் நிறுத்தினபிறகு கடைகளில் 10 சென்டுக்குக் கீழே உள்ளதை வாடிக்கையாளருக்கு விட்டுவிடுவது வழக்கம். விதியில் மூன்று வார்த்தை விடாதீர்கள்: கேஷுக்கு மட்டும், பில்லின் மொத்தத்தில் மட்டும், கீழ்ப்பக்கமாக மட்டும். ஒவ்வொரு சாமானிலும் குறைத்துக்கொண்டே போனால் நீண்ட பில்லில் உங்கள் காசு கசியும். கார்டுக்குக் கடைசி சென்ட் வரை வாங்கலாம்.

சுமார் முப்பது பேர் வேலை செய்யும் துப்புரவு கம்பெனியில் சம்பளம் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம், விடுமுறை எல்லாவற்றையும் வாக்கியமாக எழுதினேன், இரண்டு பக்கம் வந்தது, படிக்கப் படிக்க எனக்கே தலை சுற்றுகிறது. – பீனிக்ஸ்

அம்மா, நீங்கள் எழுதினது தப்பில்லை, அதற்கு வாக்கியம் சரியான பாத்திரம் இல்லை. "இப்படி இருந்தால், ஆனால் அப்படி இல்லாவிட்டால், அதுவும் இன்னார் ஆனால்" என்று மூன்று நிபந்தனை ஒன்றோடொன்று பின்னும்போது கட்டம் போடுங்கள். எக்செல் போதும். இடது பக்கம் ஆளைப் பற்றிய கேள்வி: இவர் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வேலை செய்பவரா? மேலே நாளைப் பற்றி: சாதாரண நாள், ஞாயிறு, பொது விடுமுறை. உள்ளே கட்டத்தில் எத்தனை மடங்கு சம்பளம்.

1997-இன் வேலை நிபந்தனைச் சட்டப்படி நிரப்பிப் பாருங்கள். வழக்கமாக ஞாயிறு வராதவர் வந்தால் இரண்டு மடங்கு, வழக்கமாக வருபவருக்கு ஒன்றரை. வாரத்துக்கு 45 மணி நேரம் தாண்டின ஓவர்டைமுக்கு ஒன்றரை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். கட்டம் போட்டதன் பலன் வேறு. பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கட்கிழமையும் விடுமுறை என்று 1994 சட்டம் சொல்கிறது. அப்படியானால் அந்த ஞாயிறு, ஞாயிறா, விடுமுறையா, இரண்டுமா? உங்கள் இரண்டு பக்கத்தில் இதற்கு வாக்கியம் இருந்ததா? வாக்கியமாக எழுதும்போது விட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது, கட்டத்தில் வெள்ளையாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அதை நீங்களாக ஊகித்து நிரப்பாதீர்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு, கேட்ட தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

உங்களுடையது துப்புரவு வேலை, ராத்திரி ஷிஃப்ட் நிச்சயம் இருக்கும். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஆரம்பித்து ஞாயிறு காலை 5 மணிக்கு முடிகிற ஷிஃப்ட் எந்த நாள்? இதற்குச் சட்டம் அழகாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறது. ஒரு ஷிஃப்டின் ஒரு பகுதி ஞாயிற்றில் விழுந்தால் முழு ஷிஃப்டும் ஞாயிறு என்றே கொள்ள வேண்டும்; பெரும்பகுதி வேறு நாளில் இருந்தால் முழுதும் அந்த வேறு நாள். உங்கள் ஷிஃப்டில் சனிக்கிழமை 4 மணி நேரம், ஞாயிறு 5 மணி நேரம், அதனால் முழுக்க ஞாயிறு. 7 மணிக்கு ஆரம்பித்து 3 மணிக்கு முடிந்தால் முழுக்கச் சனி. சரி, சரிபாதி விழுந்தால்? வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள், பெரும்பகுதி வேறு நாளில் இல்லை, ஆகவே ஞாயிறு. சட்டம் எழுதினவர்கள் அந்த நூலிழையைக்கூட விடவில்லை. விதி எழுதப் பழகுகிறவர்கள் வாசிக்க இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது.

இந்தப் பிரிவுகள் எல்லாருக்கும் இல்லை, அமைச்சர் அவ்வப்போது அறிவிக்கும் வருமான வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு இவை பொருந்தாது. உங்கள் சூப்பர்வைசர்கள் யாராவது அந்த வரம்பை ஒட்டி இருக்கலாம், பாருங்கள். வரம்பையும் வாட் மாதிரியே தேதியோடு தனியாக வையுங்கள்.

நான் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கோடு எழுதுகிறேன். மேனேஜர்களே இங்கிலீஷில் விதி எழுதினால் அதுவே ஓடும் என்று ஒரு ரூல் எஞ்சினை (விதிகளை வாசித்து முடிவு சொல்லும் சாஃப்ட்வேர்) விற்க வந்திருக்கிறார்கள். வாங்கினால் என் வேலை போகுமா, அல்லது இரட்டிப்பாகுமா?

இரட்டிப்பாகும், தம்பி. இந்த ஆசை புதிதில்லை. 1959-இல் கோபால் (COBOL) என்ற புரோகிராம் மொழியை உருவாக்கும்போதே, கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கக் கணினி நிபுணரின் ஃப்ளோ-மேட்டிக் மொழியை அடியொற்றி, இங்கிலீஷ் வாக்கியம் மாதிரி எழுதினால் மேனேஜர்களுக்கும் புரியும் என்றுதான் செய்தார்கள். கோபால் எழுத மேனேஜர்கள் வரவில்லை, புரோகிராமர்கள்தான் எழுதினார்கள், இன்னும் வங்கிகளில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1986-இல் லண்டன் இம்பீரியல் காலேஜில் ராபர்ட் கோவால்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளரின் கூட்டம் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தையே புரோலாக் என்ற தர்க்க மொழியில் விதிகளாக எழுதிக் காட்டியது. அப்புறம் தொழில் விதிகளை எழுத 2008-இல் எஸ்பிவிஆர் (SBVR), முடிவுகளைக் கட்டமாக எழுத 2015-இல் டிஎம்என் (DMN) என்று தரமுறைகளும் வந்தன. ட்ரூல்ஸ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் எஞ்சினிலும் சாதாரண வாக்கியத்தைக் கோடோடு பொருத்தி வைக்க வழி உண்டு.

பொருத்தி வைக்கிறது யார்? நீ. "வாடிக்கையாளரின் வயது 25-க்குக் குறைவாக இருந்தால்" என்று மேனேஜர் எழுதுவதற்கு முன்னால், வயது எந்த நாளில் கணக்கிட்ட வயது, கேட்ட நாளிலா பாலிசி தொடங்கும் நாளிலா என்று ஒருவர் உட்கார்ந்து வரையறுத்துக் கோட்டில் இணைத்திருக்க வேண்டும். மேனேஜர் "25 வயசு ஆகாதவங்க" என்று கொஞ்சம் மாற்றி எழுதினால் எஞ்சின் திரும்பிப் பார்க்காது. ஆகவே அது இங்கிலீஷ் உடுப்புப் போட்ட புரோகிராம் மொழிதான், புள்ளி வைக்க மறந்தாலும் கோபித்துக்கொள்ளும்.

இதைச் சொல்லி வாங்காதே என்று சொல்லவில்லை. நான் இந்த வேலையில் கண்டது இது: மேனேஜர் விதி எழுத மாட்டார், ஆனால் எழுதிக் காட்டினால் வாசித்துவிட்டு "இது தப்பு" என்று சொல்வார், நன்றாகவே சொல்வார். அந்த ஒரு "இது தப்பு"க்குத்தான் விதி கோடுக்கு வெளியே, அவர் வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும். விற்க வந்தவர்களிடம் யார் எழுதலாம் என்று கேட்காதே. இழப்பீட்டுக் கோரிக்கை ஒன்றை மறுத்தபிறகு, எந்த விதியால் மறுத்தது என்று வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி காட்டுமா என்று கேள். ஒரே கோரிக்கைக்கு இரண்டு விதி பொருந்தினால் எது ஜெயிக்கும் என்று கேள். முகம் மாறினால் எழுந்து வந்துவிடு.

சாதாரண மொழியில் சொன்னாலே ஏஐ கோடு எழுதித் தருகிறதே, பின்னே எதற்கு இந்தப் பாடு? – லெனேசியா

முதல் கேள்வியில் வந்த "பெரிய ஆர்டர்" வரியை அப்படியே அதனிடம் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு எண்ணைத் தானே போட்டு, நன்றாக ஓடுகிற புரோகிராமைக் கொடுக்கும். ஓடுகிறதே என்ற சந்தோஷத்தில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் அதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறேன். "கோடு எழுதாதே, இந்த விதியில் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய இடங்களை மட்டும் சொல்" என்று கேட்டால் அதில் அது கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே குறை சொல்லும், மாமியார் மாதிரி. பாதியைத் தள்ளிவிடலாம்.

கிரே ஸ்ட்ரீட் பக்கம் சேலைக் கடை. லே-பையில் (தவணை முழுக்கக் கட்டினபிறகே சாமான் கைக்கு வரும் முறை) எடுத்துவிட்டுப் பாதியில் ரத்து செய்கிறவர்களோடு தினமும் சண்டை. விதியை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதுமா? அதையே சாஃப்ட்வேரிலும் போடலாமா? – டர்பன்

அதையேதான் போட வேண்டும். சுவரில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தால் சண்டை தீராது.

இதில் நீங்கள் இஷ்டத்துக்கு விதி வைக்க முடியாது, 2008-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. லே-பையில் கட்டிய தவணை, சேலை கைக்குப் போகும்வரை வாடிக்கையாளரின் பணம்தான். ரத்துக் கட்டணம் உண்டு என்பதை ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால்தான் வாங்கலாம். அவர் இறந்துபோனதாலோ மருத்துவமனையில் இருந்ததாலோ கட்ட முடியாமல் போனால் வாங்கவே கூடாது. உங்கள் புரோகிராமில் "ரத்துக் காரணம்" என்று ஒரு இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் எல்லாரிடமும் பிடித்துக்கொள்ளும், நீங்களும் கம்ப்யூட்டர் சொல்கிறது என்பீர்கள். தானாக ரத்தானதாகக் கொள்ளவும், முடிக்க வேண்டிய நாளிலிருந்து 60 வேலை நாள் போக வேண்டும். வேலை நாளை எப்படி எண்ணுவது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது: முதல் நாளை விட்டுவிட வேண்டும், கடைசி நாளைச் சேர்க்க வேண்டும், சனி ஞாயிறு பொது விடுமுறை சேராது. புரோகிராமரிடம் வெறுமனே "60 நாள்" என்று சொன்னால் அவர் காலண்டர் நாளை எண்ணிவிடுவார், மூன்று வாரத்துக்குக் குறையாமல் முன்னாலேயே ரத்தாகிவிடும்.

சுவரில் ஒட்டுவதற்கு எவ்வளவு எளிமை வேண்டும் என்பதற்கும் அச்சட்டத்தின் 22ஆம் பிரிவில் அளவுகோல் இருக்கிறது. சராசரி எழுத்தறிவும், இந்த மாதிரி வியாபாரத்தில் மிகக் குறைந்த அனுபவமும் உள்ள ஒருவர், அதிகச் சிரமமில்லாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. சாஃப்ட்வேர் விதிக்கும் நான் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன்.

இதோடு ஒட்டின இன்னொரு கேள்வி, விதியைத் தமிழிலேயே எழுதி கம்ப்யூட்டரைச் சோதிக்கச் சொல்ல முடியுமா என்று கேப் டவுனிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். முடியும்மா. குக்கம்பர் என்ற சோதனைக் கருவியில் விதியின் உதாரணங்களை எழுதும் கெர்க்கின் என்ற நடைக்குப் பல மொழிகளில், வரியைத் தொடங்கும் முன்சொற்கள் இருக்கின்றன, தமிழும் உண்டு. மேலே சொன்ன சேலை இப்படி வரும்:

கொடுக்கப்பட்ட வாடிக்கையாளர் 1,200 ராண்ட் சேலைக்கு 400 ராண்ட் கட்டியிருக்கிறார்
எப்போது மருத்துவமனையில் இருந்த காரணத்தால் லே-பை ரத்தாகிறது
அப்பொழுது அவருக்கு 400 ராண்ட் திரும்பக் கிடைக்கும்
மேலும் ரத்துக் கட்டணம் 0 ராண்ட்

நடை கொஞ்சம் விறைப்புத்தான், யாரும் வீட்டில் இப்படிப் பேச மாட்டோம். ஆனால் சேலைக் கடை அம்மா இதை வாசித்துச் சரி தப்பு சொல்வார், கம்ப்யூட்டரும் ஒவ்வொரு இரவும் ஓட்டிப் பார்க்கும். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு துண்டுக் கோடு நீ எழுதித்தான் ஆக வேண்டும், அது தானாக வராது. விருப்பம் இருந்தால் முன்சொல்லுக்குப் பதில் வெறும் நட்சத்திரக் குறி போட்டும் வரியைத் தொடங்கலாம், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பழைய சாஃப்ட்வேரில் ஒரு விதி இருக்கிறது, மாதம் 7ஆம் தேதி யாருக்கும் கடன் பில் போட விடாது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிடலாமா? – ஸ்டாங்கர்

உடனே எடுக்காதீர்கள். கணக்கு முடிக்கும் தேதியா, சப்ளையருக்குப் பணம் போகும் நாளா, ரிட்டயர் ஆன கணக்காளர் யாராவது இருந்தால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். காரணம் கிடைத்தால் விதிக்குப் பக்கத்தில் ஒரு வரியில் எழுதுங்கள், யார் சொன்னது, எப்போது என்பதோடு. கிடைக்காவிட்டால் மறுப்பதற்குப் பதில் எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றி, ஒரு மூன்று மாதம் 7ஆம் தேதிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். யாரும் கத்தாவிட்டால் எடுத்துவிடலாம்.